தூங்காத திரை: பினாங்கு நாசி கண்டார் கடையில் ஒரு மின்சிக்கன ஆய்வு

“தூங்குதுன்னு நீங்க சொல்றீங்க தம்பி. தூங்குற சாமான் தொடையில ஏன் சுடுது?”

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் நகரில் சோறும் கறியும் பரிமாறும் ஒரு நாசி கண்டார் கடையின் மேற்பார்வையாளர், நாங்கள் செய்துகொடுத்த ஆர்டர் எடுக்கும் கருவியைப் பற்றிக் கேட்ட கேள்வி இது. அதன் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று நான்கு வாரமாக நாங்கள் ஆய்வகத்தில் தேடிக்கொண்டிருந்த விடை அந்த ஒரு வரிக்குள் இருந்தது. எனக்கு அது உடனே உறைக்கவில்லை. என்னோடு வந்திருந்த எங்கள் அணியின் இளைய பொறியாளருக்கு உறைத்தது. “அண்ணே, இப்பவும் சுடுதா? கொஞ்சம் குடுங்க” என்று கருவியைக் கையில் வாங்கி, பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். திரை இருண்டிருந்தது. உள்ளே ஏதோ விழித்திருந்தது.

பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 1972இல் அங்கே சுங்கவரியற்ற தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று தலைமுறையாக மின்னணுச் சில்லுகளைப் (சிப்) பொருத்தியும் சோதித்தும் வருகிறார்கள். என் அம்மாவும் ஷிப்ட் பஸ் ஏறிப் போய் நுண்ணோக்கிக்குக் கீழே கம்பி இணைத்தவர்தான். ஒரு பொருளை முதல் கோட்டிலிருந்து நாமே வரைந்து முடிப்பது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. அதனால் இந்தக் கருவி ஷிப்ட் முடியுமுன்பே செத்துப்போகிறது என்ற புகார் வந்தபோது மனசுக்கு வலித்தது.

கருவி இதுதான். 4.3 அங்குலத் தொடுதிரை, கருவியின் மூளையான ஒரு மைக்ரோகன்ட்ரோலர், வைஃபை, 1,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி. கடைப் பணியாளர் மேசைக்கு வந்து ஆர்டரைத் தட்டுவார், அது சமையல்கட்டுக்குப் போகும். பத்து விநாடி யாரும் தொடாவிட்டால் திரை அணைந்து கருவி உறங்கும். இரண்டு முறை தட்டினால் எழும். பணியாளர் அதை ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடுவார்.

கணக்கு எளிது. திரை எரியும்போது 300 மில்லிஆம்பியர். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 12 நிமிடம் திரை எரிகிறது என்றால் அதன் பங்கு சராசரியாக 60. உறக்கத்தில் 6 மில்லிஆம்பியர், மீதி 48 நிமிடத்துக்கு அதன் பங்கு 5கூட இல்லை. மொத்தம் 65. பேட்டரி 15 மணி நேரம் தாங்க வேண்டும். ஷிப்ட் 12 மணி நேரம். ஆய்வக மேசையில் அப்படியே 15 மணி நேரம் ஓடியது. கடையில் ஒன்பதாவது மணி நேரத்தில் அணைந்தது. ஒன்றிரண்டு கருவி இல்லை, எல்லாமே.

ஒன்பது மணி நேரம் என்றால் சராசரி 111 மில்லிஆம்பியர். திரை எரியும் நேரம் மாறவில்லை. அப்படியானால் உறக்கம் என்று நாங்கள் பெயர் வைத்த அந்த 48 நிமிடத்தில், 6 இருக்க வேண்டிய இடத்தில் 64 மில்லிஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. ஏறத்தாழ கால் வாட் வெப்பம் இது. மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், துணிப்பைக்குள், ஒரு மனிதனின் தொடையில். மேற்பார்வையாளர் அண்ணன் சொன்னது சரி.

நாங்கள் முதலில் செய்த தவறுகள்

பேட்டரி தீர்ந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது திரை வெளிச்சத்தை. நாங்களும் அதைத்தான் செய்தோம். வெளிச்சத்தைக் குறைத்ததில் அரை மணி நேரம் கூடியது, பணியாளர்களுக்குக் கண் வலித்தது. பிறகு பேட்டரியே மட்டமான சரக்கோ என்று பத்துப் பேட்டரிகளைச் சார்ஜ் செய்து வடித்துப் பார்த்தோம். பேட்டரிகள் நன்றாகவே இருந்தன.

மூன்றாவது தவறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொடுதிரை வேலையில் இறங்கும் பலர் இதே குழியில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

தொடுதிரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெரும்பாலும் இந்தியம் டின் ஆக்சைடு. கிடைக்கோட்டில் மின்துடிப்பைச் செலுத்தினால், அது குறுக்கே போகும் நெடுங்கோட்டில் கொஞ்சம் கேட்கும். இரண்டுக்கும் இடையிலான மின்தேக்குத்திறன், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறன்தான் அந்தக் கேட்பின் அளவு. விரல் அருகே வந்தால் மின்புலத்தில் ஒரு பங்கை நம் உடம்பு இழுத்துக்கொள்கிறது, கேட்பு குறைகிறது. குறையும் அளவு ஒரு பிக்கோஃபாரடில் சிறு பங்குதான். அந்தச் சிறு வித்தியாசத்தை இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு சந்திப்பிலும், விநாடிக்கு நூறு முறைவரை கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரம் அங்கேதான் போகிறது.

ஒரு கோட்டைத் துடிக்கவைக்க ஆகும் திறன், கோட்டின் மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தாலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் வரும். 100 பிக்கோஃபாரட், 10 வோல்ட், 200 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2 மில்லிவாட். இந்தக் கணக்கைப் பார்த்த யாருக்கும் தோன்றுவது, மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்பங்கு ஆகிவிடுமே என்பது. எங்களுக்கும் தோன்றியது. உறக்க நிலையில் துடிப்பின் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினோம்.

கருவி எட்டு மணி நேரத்தில் செத்தது. முன்னைவிட மோசம்.

காரணம் இது. மின்னழுத்தம் பாதியானால் விரலின் சமிக்ஞையும் பாதியாகிறது. எல்சிடியிலிருந்தும் மின்வழங்கியிலிருந்தும் வரும் இரைச்சல் பாதியாவதில்லை, அது அப்படியே இருக்கிறது. பழைய தெளிவு மறுபடி வேண்டுமானால் பல அளவைகளை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். சராசரி, இரைச்சலை அளவைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால்தான் குறைக்கும். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு அளவைகள் தேவை. கால்பங்கு செலவை நான்கு முறை செய்தால் பழைய செலவே. தொடுதலைக் கவனிக்கும் தனிச் சில்லு நான்கு மடங்கு நேரம் விழித்திருக்க வேண்டியதால் அதற்கும் மேலேயே ஆகும். நாங்கள் அளவைகளைக் கூட்டவில்லை, தொடுதல் என்று முடிவெடுக்கும் வரம்பைத் தாழ்த்தினோம். இரைச்சல் அந்த வரம்பை அடிக்கடி தாண்டி, இல்லாத விரலை இருப்பதாகச் சொன்னது.

தொடுதிரை பிறந்த இடத்தில் இந்தக் கவலை இருந்ததில்லை. 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் ஈ.ஏ. ஜான்சன் மின்தேக்கு முறைத் தொடுதிரையை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக முன்வைத்தார். 1970களில் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஃபிராங்க் பெக்கும் பென்ட் ஸ்டும்பேயும் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டறைக்கு ஒன்றை உருவாக்கினார்கள். இரண்டுமே சுவரிலிருந்து மின்சாரம் வரும் இடங்கள். திரை பாக்கெட்டுக்குள் போன பிறகுதான், யாரும் தொடாத நேரத்தில் அது எவ்வளவு தின்கிறது என்ற கேள்வி எழுந்தது.

கடையில் பார்த்தது

கன்னத்தில் வைத்துப் பார்த்த அன்று மாலையே இளைய பொறியாளர், கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபெர்ம்வேரில் ஓர் எண்ணியைச் சேர்த்தார். தொடுதிரைச் சில்லு மைக்ரோகன்ட்ரோலரை எழுப்பும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டும், அவ்வளவுதான். மறுநாள் கருவி அணைந்த பிறகு வாசித்தோம். ஒன்பது மணி நேரத்தில் ஏறத்தாழ 9,000 விழிப்புகள். உறங்க வேண்டிய நேரத்தில் மூன்று விநாடிக்கு ஒன்று.

நடந்தது இதுதான். இருண்ட திரைக்குக் கீழே தொடுதிரைச் சில்லு மட்டும் விநாடிக்கு 20 முறை லேசாகக் கண் திறந்து பார்க்கும். ஏதோ தொட்டது என்று தோன்றினால் மைக்ரோகன்ட்ரோலரைத் தட்டி எழுப்பும். அது எழுந்து, வெளி நினைவகத்துக்கும் வைஃபைக்கும் உயிர் கொடுத்து, இரண்டாவது தட்டு வருகிறதா என்று 2 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் திரையை எரியவிடாமலே திரும்பப் படுக்கும். காத்திருக்கும் 2 விநாடியும் 90 மில்லிஆம்பியர். வெளியே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. திரை இருட்டு, கருவி அமைதி. இரண்டு முறை தட்டினால்தான் எழும் என்ற ஏற்பாட்டைப் பணியாளரின் வசதிக்காக நாங்களே விரும்பிச் செய்திருந்தோம். பழுதை மறைத்துவைத்ததும் அதே ஏற்பாடுதான்.

யார் தட்டியது?

இளைய பொறியாளர் ஆய்வகத்துக்கு ஓர் ஏப்ரன் வாங்கிவந்தார். பாக்கெட்டில் கருவியைப் போட்டு, மின்னளவியின் நீளமான கம்பியை இழுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். 6 மில்லிஆம்பியர். அசையவில்லை. “அண்ணே, கடையில யாரு ஏப்ரனாச்சும் காஞ்சு இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, செடிக்குத் தண்ணீர் அடிக்கும் தெளிப்பானை எடுத்து ஏப்ரனை நனைத்தார். நான்கு அடி நடந்தார். 94, 6, 91, 6, 93. மின்னளவியை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உறக்கத்தில் சில்லு குறுக்குச் சந்திப்புகளைப் பார்ப்பதில்லை. மிச்சம் பிடிப்பதற்காக எல்லாக் கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, மொத்தமாகத் தரைக்கு (மின்சுற்றின் பூஜ்ஜிய வோல்ட் முனைக்கு) எதிராக எவ்வளவு மின்தேக்குத்திறன் என்று மட்டும் பார்க்கும். இது மலிவான வழி, ஆனால் எங்கே, எந்த வடிவத்தில் என்று அதற்குத் தெரியாது. உலர்ந்த துணி ஒன்றும் செய்யாது. ஈரத்துணி மின்சாரத்தைக் கடத்தும். அதற்குப் பின்னால் தொடை இருக்கிறது. அந்தச் சில்லுக்கு இது திரை அளவு பெரிய விரல். துணி ஒட்டிக்கொண்டே இருந்தாலாவது, அதுதான் இயல்பு நிலை என்று கொஞ்ச நேரத்தில் கற்றுக்கொண்டு அமைதியாகிவிடும். பணியாளர் நடந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் ஈரம் ஒட்டுகிறது, விலகுகிறது. இயல்பு நிலை என்று ஒன்று அமையவே இல்லை.

இன்னொன்றையும் கடையிலேயே கண்டோம். மாடியில் ஏசி அறை. அங்கே அரை மணி நேரம் இருந்த கருவி கீழே வந்தால் கண்ணாடி பனிக்கும், நம் மூக்குக்கண்ணாடி பனிப்பதைப் போல. 31 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரி அளவிலேயே நீராகப் படியத் தொடங்கும். பினாங்கில் இது எல்லா நாளும் நடப்பது. எங்கள் ஆய்வகம் எப்போதும் ஏசியில், எப்போதும் உலர்ந்து இருந்தது. நாங்கள் சோதித்தது எங்கள் ஊரில் இல்லாத ஒரு வானிலையை.

என்ன மாற்றினோம்

முக்கியமான மாற்றம், முடிவெடுக்கும் பொறுப்பைக் கீழே இறக்கியது. முன்பு சில்லு சந்தேகப்பட்டாலே மைக்ரோகன்ட்ரோலரை எழுப்பியது. இப்போது மலிவான பார்வையில் ஏதாவது தென்பட்டால், சில்லு தானே ஒருமுறை முழுத் திரையையும் சந்திப்புவாரியாகப் பார்க்கும். விரல் என்றால் மாற்றம் இரண்டு மூன்று சந்திப்புகளுக்குள் அடங்கிய சிறு மேடாகத் தெரியும். ஈரத்துணி பாதித் திரைக்குப் பரவியிருக்கும். உடம்போடு ஒட்டாத தனி நீர்த்துளி வேறு மாதிரி. அது கோடுகளுக்கு இடையே பாலம் போட்டுக் கேட்பைக் கூட்டும், விரல் காட்டுவதற்கு நேர் எதிர்த்திசையில். விரல் வடிவம் இல்லையென்றால் சில்லு யாரையும் எழுப்பாமல் திரும்பிப் படுக்கும். சில மில்லிவிநாடி வேலை. முன்பு இதே கேள்விக்கு விடை தேட 2 விநாடியும் 90 மில்லிஆம்பியரும் கொடுத்தோம்.

பரந்த மாற்றம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், இது பாக்கெட் என்று முடிவெடுத்து, பார்வையை விநாடிக்கு 20லிருந்து 5 ஆகக் குறைக்கும். இதற்கு விலை உண்டு. பாக்கெட்டிலிருந்து எடுத்த உடனே தட்டினால் முதல் தட்டு சில நேரம் பதியாது. முதலில் எல்லா நேரத்திலும் விநாடிக்கு 10 என்று வைத்துப் பார்த்தோம். இரண்டு பார்வைக்கு இடையே 100 மில்லிவிநாடி. வேகமாகத் தட்டும் விரல் அதற்குள் வந்து போய்விடும். “தட்டுனா எடுக்க மாட்டேங்குது தங்கச்சி, வாடிக்கையாளர் முன்னாடி மானம் போகுது” என்று அண்ணன் இளைய பொறியாளரிடம் வருத்தப்பட்டார். கையில் இருக்கும்போது 20, பாக்கெட்டில் மட்டும் 5 என்று பிரித்த பிறகு அந்தக் குறை பெரிதாக வரவில்லை.

இரண்டாவது மாற்றம் மைக்ரோகன்ட்ரோலர் எழும் விதத்தில். உண்மையான விரல் என்றாலும் முதல் தட்டுக்கு வைஃபை எதற்கு? எழும் வழியைச் சுருக்கி, தொடுதிரையிடம் மட்டும் பேசிவிட்டு 50 மில்லிவிநாடியில் படுக்க வைத்தோம். இரண்டாவது தட்டை எண்ணுவதும் சில்லின் வேலை ஆனது.

மூன்றாவதைக் கண்டுபிடித்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. உறக்கத்தில் சில்லு ஒவ்வோர் அளவையையும் 16 முறை எடுத்துச் சராசரி பார்த்தது. ஏன் 16? குறைத்தால் இரைச்சல் தாங்கவில்லை. இரைச்சல் எங்கிருந்து? மின்னழுத்தத்தின் அலைகளை வரைந்து காட்டும் ஓசிலாஸ்கோப்பை மின்வழங்கியில் வைத்தபோது, கருவி விழித்திருக்கும்போது சீராக இருந்த மின்னழுத்தம், உறங்கும்போது பெரிய அலைகளாகக் குலுங்கியது. மின்னழுத்த மாற்றிகள் சுமை குறைந்தால் சிக்கனத்துக்காகத் துடிப்புகளை விட்டுவிட்டு அடிக்கும். அப்போது குலுங்கல் கூடும், அதன் அதிர்வெண்ணும் ஓரிடத்தில் நிற்காது. சிக்கனத்துக்கென்று மாற்றி செய்ததை ஈடுகட்ட, தொடுதிரை கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தது. இப்போது சில்லு பார்க்கும் அந்தச் சில மில்லிவிநாடிக்கு மட்டும் மாற்றியைச் சீரான துடிப்புக்குத் திருப்புகிறோம், பார்த்து முடித்ததும் விட்டுவிடுகிறோம். இரைச்சல் பாதிக்குக் கீழே வந்தது, அளவைகள் 16லிருந்து 4 ஆயின. சில்லின் உறக்கச் செலவு 1.8 மில்லிஆம்பியரிலிருந்து 0.7 ஆனது. கால்பங்காகவில்லை. ஒவ்வொரு பார்வைக்கும் எழுந்து படுக்க ஆகும் செலவு அப்படியே இருக்கிறதே.

சில்லறை விஷயம் ஒன்று. சில்லு தட்டி எழுப்பும் கம்பியின் திசையை ஃபெர்ம்வேரில் தலைகீழாக எழுதியிருந்தோம். எதுவும் நடக்காதபோது அது தரையோடு ஒட்டியே கிடந்தது. 3.3 வோல்ட், 2.2 கிலோஓம் தடை, 1.5 மில்லிஆம்பியர், இரவும் பகலும். எங்கள் 6 மில்லிஆம்பியர் உறக்கத்தில் கால்பங்கு இந்தக் கம்பி. ஒரே வரியில் தீர்ந்தது. மேசையில் 6 என்பது ஏற்கத்தக்க எண்ணாகத் தெரிந்ததால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது மேசையில் உறக்கம் 3.4.

அதே கடை, அதே ஏப்ரன், அதே ஷிப்ட். உறக்க நேரத்தின் சராசரி 64லிருந்து 7 மில்லிஆம்பியருக்கு வந்தது. மொத்தச் சராசரி 66க்குச் சற்றுக் கீழே. 12 மணி நேர ஷிப்ட் முடியும்போது பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். முதல் நாள் போட்ட கணக்கைத்தான் எட்டியிருக்கிறோம், அதுவும் ஈரத்தில்.

இதில் எனக்குப் படுவது ஒன்று உண்டு. தொடுதிரையின் செலவைத் தரவுத்தாளில் சில்லின் மில்லிஆம்பியரைப் பார்த்து மதிப்பிடுகிறோம். எங்கள் விஷயத்தில் அந்த எண் 1.8. விரல் வந்ததாகச் சில்லு பொய் சொன்னபோது மைக்ரோகன்ட்ரோலரும் வைஃபையும் மற்றவையும் கூடுதலாகச் செலவழித்தது 58. சில்லை இன்னும் கஞ்சமாக்குவதில் நாங்கள் முதலில் காட்டிய அக்கறை முழுக்க அந்த 1.8 மேல்தான் இருந்தது. சமிக்ஞை தெளிவாக இருந்தால் குறைவாகப் பார்த்தால் போதும், தவறாக யாரையும் எழுப்ப வேண்டியதும் இல்லை. தெளிவுக்காகச் செலவழித்த மின்சாரம் எங்களுக்குப் பலமடங்காகத் திரும்பி வந்தது.

இன்னும் தீராதது

கறி அள்ளும் இடத்தில் நிற்பவர்கள் பிளாஸ்டிக் கையுறை போட்டிருப்பார்கள். கையுறைக்குள் இருக்கும் விரலின் சமிக்ஞை மங்கலானது, விளிம்புகள் பரவியது. வடிவம் பார்த்து முடிவெடுக்கும் எங்கள் புதிய சோதனைக்கு அது ஈரத்துணியைப் போலத் தெரிகிறது. தளர்த்தினால் பாக்கெட் விழிப்புகள் திரும்பி வருகின்றன. இறுக்கினால் கையுறைக்காரர்கள் மூன்று நான்கு முறை தட்டுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கையுறை, இரண்டு கையுறை ஒன்றன்மேல் ஒன்று, கிழிந்து விரல்நுனி வெளியே வந்த கையுறை என்று இளைய பொறியாளர் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து வருகிறார். சனிக்கிழமை அவர் கடைக்குப் போனபோது அண்ணன் ஒரு பெட்டிக் கையுறையையே எடுத்துக் கொடுத்து, “பசியாறிட்டு எடுத்துட்டுப் போம்மா” என்றாராம். இப்போது எங்கள் ஆய்வகத்தில் மின்னளவிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நனைந்த ஏப்ரன் தொங்குகிறது. காய்ந்துவிட்டால் யார் பார்க்கிறோமோ அவர் தெளிப்பானை எடுக்கிறோம்.